ஏற்காடு: பழைய பங்களா, தோட்டங்கள், மலைப்பாதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வீடு சேலம் கோரிமேட்டில். ஏற்காடு போகிற வண்டியெல்லாம் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். சித்திரை பிறந்தால் போதும், சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் பண்ண ஆரம்பித்துவிடுவார்கள். வருஷா வருஷம் கேள்விகள் அதேதான். இந்த வருஷம் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டேன், கேட்பவர்களுக்கு அப்படியே அனுப்பிவிடலாம். கட்டணம், நேரம் எதுவும் இதில் இல்லை. அவை சீசனுக்குச் சீசன் மாறும், வாசலிலேயே பலகை இருக்கும்.

சேலத்திலிருந்து எப்படிப் போவது?

சேலம் ஜங்ஷனில் இறங்கினால் புதிய பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். அங்கிருந்து ஏற்காட்டுக்கு அரசு பஸ் உண்டு. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் மலை. மொத்தம் 30 கிலோமீட்டர் சுமார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் ஓரம் கிடைத்தால் கார் வேண்டாம் என்றே சொல்வேன். காரில் ஓட்டுகிறவர் பாவம், எதையுமே பார்க்க மாட்டார்.

கிழக்குப் பக்கம் குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக இன்னொரு பாதை ஏறுகிறது. கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறவிட்டு, குப்பனூர் வழியாக இறங்கச் சொல்வதுண்டு. மழையில் பிரதான பாதை சரிந்தாலும் அந்த வழிதான் கைகொடுக்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டது எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு போன் போட்டு விசாரித்துவிடுவது நல்லது.

20 கொண்டை ஊசி வளைவாமே, தலை சுற்றுமா?

சுற்றும் ஆட்களுக்குச் சுற்றும். ஒவ்வொரு வளைவிலும் எத்தனையாவது என்று எண் போட்ட பலகை இருக்கிறது. பிள்ளைகளை அதைப் படித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள், வாந்தி ஞாபகம் வராது. இது எங்கள் வீட்டில் சோதித்துப் பார்த்த வைத்தியம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். பாதி மலை ஏறியதும் பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள், தலையணை மாதிரி உப்பியிருக்கும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை. ஏற்காடோ ஏறக்குறைய 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் குறைவதால் பாக்கெட்டுக்குள் அடைத்த காற்று விரிகிறது. காது அடைப்பதும் இதனால்தான். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும்.

ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு தடவை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, ஆறாவது வளைவுக்கு வருவதற்குள் கருகின ரப்பர் வாடை குப்பென்று வந்துவிட்டது. ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றோம். பின்னால் வந்த லாரி அண்ணன் இறங்கி வந்து டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது கியர்னு ஒண்ணு இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எந்த மாதம் வரலாம்?

எல்லாரும் வருவது மே மாதம். கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம் அப்போதுதான். ஏரிக்கரையில் தோள் உரசாமல் நடக்க முடியாது. வேறு வழியில்லை, பள்ளிக்கூட லீவு அப்போதுதான் என்றால் சனி, ஞாயிறையாவது விட்டுவிட்டு செவ்வாய், புதனில் வாருங்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு சமயம். ஒன்று ஆவணி, புரட்டாசி. மழை பெய்து மலை முழுக்கப் பச்சையாக இருக்கும், கூட்டம் இருக்காது. இன்னொன்று பங்குனி வாக்கில், முதல் கோடை மழை பெய்து எட்டுப் பத்து நாள் கழித்து. காபி பூக்கிற நேரம் அது. அதுவரை கிளையோடு ஒட்டிக்கொண்டு பச்சை அரிசி மாதிரி கிடக்கும் மொட்டுகள், அந்த ஒரு மழைக்காகவே காத்திருக்கும். மழை விழுந்த கணக்குக்குத் தோட்டமே ஒரே நாளில் விரியும். கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, வாசனை ஏறக்குறைய மல்லிகை. இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் பழுப்பேறி உதிர்ந்துவிடும். தேதி குறித்து வர முடியாது. மழை பெய்ததும் எனக்குப் போன் பண்ணுங்கள், சொல்கிறேன்.

மார்கழி, தை குளிருக்கு நல்லது. பனிமூட்டத்தில் எதிரே நிற்கும் ஆள்கூடத் தெரியாத காலைகள் உண்டு. ஸ்வெட்டர் அவசியம்.

கிரேஞ்ச் பங்களா என்கிறார்களே, அது என்ன? உள்ளே போக முடியுமா?

ஏற்காட்டின் பழைய வீடுகளில் முதலில் பேச வேண்டியது இதுதான். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்தவர் எம்.டி. காக்பர்ன். இந்த மலையில் காபியை ஊன்றியவர் அவர். ஆரஞ்சு, பேரி போன்ற பழ மரங்களையும் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். அவருடைய எஸ்டேட் வீடுதான் கிரேஞ்ச். சாதாரண மலை பங்களா போல ஓடு வேய்ந்து தாழ்வாரம் வைத்தது என்று நினைத்து வராதீர்கள். சின்னக் கோட்டை மாதிரி, மேலே மதில் பல் வைத்துக் கட்டியது. 1857 சிப்பாய்க் கலவரம் இங்கேயும் பரவினால் வெள்ளைக்காரர்கள் ஒளிந்துகொள்ள நிலவறையில் மாதக்கணக்கில் தானியம் சேர்த்து வைத்திருந்தார்கள், மேலே பீரங்கி ஏற்றினார்கள் என்று இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கலவரம் இந்த மலைக்கு வரவே இல்லை.

உள்ளே போக முடியுமா என்றால், முடியாது. அது தனியார் இடம், மியூசியம் கிடையாது. டாக்ஸிக்காரர் "கிரேஞ்ச் காட்டுறேன்" என்றால் ரோட்டிலிருந்து காட்டுவார், அவ்வளவுதான். கேட்டைத் தள்ளிக்கொண்டு போய் செல்ஃபி எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். காவல்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவதையும் பார்த்திருக்கிறேன்.

என் மாமனார் கிரேஞ்ச் பார்க்க ஆசைப்பட்டு வந்து, வெளியே நின்று ரொம்பச் சலித்துக்கொண்டார். அப்போது அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: காக்பர்ன் கட்டிய சுவரைப் பார்க்க முடியாவிட்டால் போகட்டும். வழிநெடுக இரண்டு பக்கமும் நிற்கிற காபிச் செடியைப் பாருங்கள். இந்த மலையில் அது தொடங்கியது அந்த வீட்டிலிருந்துதான். சில்வர் ஓக் மரம் நிழலுக்கு, அதன் மேல் படர்ந்த மிளகுக் கொடி வருமானத்துக்கு, கீழே காபி. இந்த மூன்றடுக்குத் தோட்டத்தைப் பார்க்கக் கட்டணமும் கிடையாது, காவல்காரரும் கிடையாது.

1842-ல் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டை அளந்தார் என்று படித்தேனே?

நானும் நூறு இடத்தில் படித்துவிட்டேன். மன்றோ சென்னை மாகாண கவர்னராக இருந்தது 1820 முதல் 1827 வரை. 1827-லேயே காலரா கண்டு இறந்துபோனார். செத்துப் பதினைந்து வருஷம் கழித்து வந்து அவர் மலையை அளந்திருக்க முடியாது. யாரோ ஒருவர் தப்பாக எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போட, இன்றைக்கு அதுவே வரலாறாகி நிற்கிறது. கைடு சொன்னால் சிரித்துக்கொண்டு கேளுங்கள், சண்டை போட வேண்டாம்.

சர்ச்சில் ஒரு புவியியலாளர் நினைவுக்கல் இருக்கிறதாமே?

ஆமாம், ஹோலி டிரினிட்டி சர்ச். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிற இடம் இது. எனக்கு ஏற்காட்டிலேயே பிடித்ததும் இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858-ல் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று சென்னைப் பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். நம் நாட்டில் எழுத்துக்கும் கோயிலுக்கும் எவ்வளவோ முன்னால் மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு கல்தான் தொடக்கச் சாட்சி. ஓய்வு பெற்ற பிறகு அவர் வந்து குடியிருந்தது ஏற்காட்டில். 1912-ல் கல்கத்தாவில் காலமானார். நினைவுக்கல் இங்கே.

ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையிலும் புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. வழவழவென்று தீட்டிய கற்கள். உழும்போது அகப்பட்டதை மலைக்காரர்கள் சாமி கல் என்று பிள்ளையாரோடு சேர்த்து வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேகரித்தவற்றை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. எழும்பூர் போனால் பாருங்கள்.

அவருடைய மாமனார் கதை இன்னும் சுவாரசியம். பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். அதே பாதிரியார்தான் ஆயிரக்கணக்கில் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சேற்றினார். அவரும் கடைசிக் காலத்தில் இந்த மலைக்கு வந்து, 1882-ல் இங்கேயே கண்ணை மூடினார். பழமொழி சேர்த்த மாமனார், கல் சேர்த்த மருமகன்.

வழிபாட்டு நேரத்தில் போகாதீர்கள். மற்ற நேரத்தில் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

தோட்டம், பூங்கா என்று ஏழெட்டு சொல்கிறார்களே, எதற்குப் போவது?

ஏரிக்குப் பக்கத்தில் அண்ணா பூங்கா. மலர்க் கண்காட்சி இங்கேதான். மற்ற நாளில் பிள்ளைகள் ஓட நல்ல இடம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. லேடீஸ் சீட் பக்கம் ரோஜாத் தோட்டம், தோட்டக்கலைத் துறையினுடையது. மழை விட்ட பிறகு போனால் நன்றாக இருக்கும், கடும் வெயிலில் பாதிச் செடி வாடிக் கிடக்கும்.

நேரம் ஒரு தோட்டத்துக்குத்தான் இருக்கிறது என்றால், இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போங்கள். 1963-ல் தொடங்கியது. பேரைக் கேட்டு மலர்க் கண்காட்சி மாதிரி நினைத்துப் போய் ஏமாறாதீர்கள். ஆராய்ச்சிக்காக வளர்க்கிற இடம். ஆர்க்கிட் பல வகை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதம் பூக்கும். நீங்கள் போகிற நாளில் நாலைந்துதான் பூத்திருக்கும். அதில் சிலது சுண்டுவிரல் நகம் அளவுக்குக்கூட வராது, குனிந்து பார்க்க வேண்டும். குனிந்து பார்த்தால்தான் தெரியும், அந்தச் சின்னப் பூவுக்குள்ளும் உதடு, புள்ளி, கோடு எல்லாம் வரைந்து வைத்தது போல இருப்பது.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது குடுவைச் செடி. மேகாலயக் காட்டுச் செடி இது. இலை நுனி ஒரு கயிறாக நீண்டு, கயிற்று முனை வளைந்து நிமிர்ந்து ஒரு குடுவையாகிறது. மேலே ஒரு மூடி. விளிம்பு வழுக்கும். எறும்பு, பூச்சி வழுக்கி உள்ளே விழுந்தால் அடியில் இருக்கும் நீரில் கரைந்து செடிக்கு உரமாகிவிடும். என் தங்கை மகன் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து, ஓர் ஈ கிட்டே வந்து வந்து தப்பித்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். படகு சவாரிக்குக்கூட வரமாட்டேன் என்றுவிட்டான்.

சேர்வராயன் பேரையே லத்தீனில் சுமந்துகொண்டிருக்கும் வெர்னோனியா சேவராயென்சிஸ் என்ற மரமும் இந்த மலையினுடையதுதான். அழியும் நிலையில் இருப்பது. அங்கே இருக்கும் ஊழியரிடம் பேரைச் சொல்லிக் கேட்டால் முகமே மலரும். இது அரசு அலுவலகம் என்பதால் விடுமுறை நாளில் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பாதீர்கள்.

காபித் தோட்டத்துக்குள் நுழையலாமா?

கேட்டுக்கொண்டு நுழையலாம். பழம் பறிக்கிற காலம் கார்த்திகை முதல் தை வரை. அப்போது களத்தில் காயப் போட்டிருக்கும் கொட்டை மேல் நடக்காதீர்கள். செடியிலிருந்து ஒரு சிவப்புப் பழத்தைப் பறித்து வாயில் போட்டால் தித்திக்கும், கசப்பைத் தேடினால் கிடைக்காது.

லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், இதில் எது?

லேடீஸ் சீட்டுக்குச் சாயங்காலம் போங்கள். ஏறி வந்த பாதை கீழே பாம்பு மாதிரி கிடக்கும். ஊருக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் அது பனி இல்லை, மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமத்தை வெட்டும் சுரங்கம். இருட்டி விளக்குப் போட்டதும் சேலம் முழுக்கத் தெரியும். வானம் தெளிந்த நாளில் மேட்டூர் அணைத் தண்ணீரும் மினுங்கும்.

பகோடா பாயிண்ட் கிழக்குப் பக்கம், அதனால் காலையில். கூம்பு கூம்பாகக் கல் அடுக்கியிருப்பதால் அந்தப் பேர். வந்த அடையாளத்துக்கு நாமும் நாலு கல் அடுக்கலாம் என்று அங்கே கிடப்பதைக் கலைத்துவிடாதீர்கள். கீழே காக்கம்பாடி கிராமம் தீப்பெட்டி மாதிரி தெரியும்.

கிளியூர் அருவியில் குளிக்கலாமா?

தண்ணீர் இருந்தால். ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால்தான் அங்கே அருவி. பங்குனி, சித்திரையில் போனால் ஈரப் பாறையைத்தான் பார்ப்பீர்கள். இறங்கும் படி வழுக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே உட்கார்ந்துவிடலாம்.

சேர்வராயன் கோயில் எங்கே?

மலையிலேயே உயரமான இடத்தில், 5,326 அடி. குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். உள்ளே குனிந்துதான் போக வேண்டும், தரை ஈரமாக இருக்கும். அந்தக் குகை காவிரி வரை போகிறது என்பது ஐதீகம். சுற்றிலும் மரமே இல்லாத மொட்டை மேடு. அடியில் பாக்சைட் மண். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்து வெட்டிப் போனது அதைத்தான். மே மாதம் திருவிழா, மலைக் கிராமம் மொத்தமும் அங்கே இருக்கும்.

மலையாளிகள் இருக்கிறார்கள் என்றால், கேரளத்துக்காரர்களா?

இல்லை. மலையை ஆள்கிறவர்கள், மலையாளிகள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேரில் மூத்தவர் சேர்வராயனில் தங்கினார், தம்பிகள் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்று அவர்கள் கதை சொல்கிறது. "நீங்க கேரளாவா?" என்று கேட்டு அசடு வழியாதீர்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?

பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். டாக்ஸிக்காரர் பத்து இடம் கணக்கு வைத்திருப்பார், ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம். நான் சொல்வது: காலை பகோடா பாயிண்ட், அப்புறம் ஆர்க்கிட் தோட்டம், சாப்பாடு, சர்ச், கிரேஞ்ச் வழியாகக் காபித் தோட்டத்து ரோட்டில் ஒரு நடை, சாயங்காலம் லேடீஸ் சீட். படகு வேண்டுமென்றால் அடுத்த நாள் காலை, ஏரியில் வெயில் ஏறும் முன்.

எங்கே தங்குவது?

ஏரிக்கரையில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது. தனியார் விடுதிகளும் எஸ்டேட் வீடுகளும் நிறைய. ஒரு எச்சரிக்கை மட்டும். "நூறு வருஷப் பாரம்பரிய பங்களா" என்று படம் போட்ட ஓர் இடத்தில் நான் குடும்பத்தோடு அறை பதிந்து போனேன். பங்களா இருந்தது, உண்மைதான். ஆனால் அது முதலாளி குடியிருக்க. எங்களுக்குக் கொடுத்தது பின்பக்கம் புதிதாகக் கட்டிய கான்கிரீட் அறை, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி. அறை எந்தக் கட்டடத்தில் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, அந்த அறையின் படத்தையே அனுப்பச் சொல்லுங்கள்.

சாப்பிட, வாங்கி வர?

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி. குளிரில் அது சூடாகக் கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம். வாங்கி வர மிளகும் காபிக்கொட்டையும். அங்கேயே அரைத்துக் கொடுக்கும் கடைகளில் சிக்கரி எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். பலாவும் பட்டர் ஃப்ரூட்டும் பருவத்தில் ரோட்டோரம் கிடைக்கும். தட்டு வடை செட் மலையில் தேடாதீர்கள், இறங்கி சேலத்தில் சாப்பிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில், கவர் கொண்டு போகாதீர்கள், அடிவாரச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

காட்டெருமை வருமா?

வரும். சாயங்காலம் ஆனதும் எஸ்டேட் ஓரங்களில் மேயும். பெரும்பாலும் தானாக யாரையும் துரத்தாது. ஆனால் கன்றோடு இருக்கும்போது போனை நீட்டிக்கொண்டு கிட்டே போனால் அப்புறம் நான் பொறுப்பில்லை. வண்டியில் இருந்தால் விளக்கைத் தணித்து, ஹாரன் அடிக்காமல் நில்லுங்கள். அது நம்மைப் பார்க்கும், நாம் அதைப் பார்ப்போம், ஐந்து நிமிடத்தில் காபிச் செடிக்குள் இறங்கிப் போய்விடும்.